அறுபது யூரோ

விரிவுரை இல்லாத காலைகளில்
கஸ்தூரியார் வீதி நாணயமாற்றுக் கடையில்
நேற்றைய எண்களை ஈரத்துணியால் அழிப்பேன்.
டொலர், பவுண், சுவிஸ் பிராங்.
யூரோவைக் கடைசிக்கு வைப்பேன்.
அது இறங்கினால் எங்கள் வீட்டில்
இரண்டு பேர் கதைக்கமாட்டார்கள்.

பெரியண்ணன் தயாபரன் ஸ்ருட்காட்டில்.
கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை, இரவு வேலை,
வரி கட்டுகிறான், கட்டுவதைச் சொல்லியும் காட்டுகிறான்.
சின்னண்ணன் சீலன் ஏதென்ஸில்.
இத்தாலிக்கென்று ஏஜென்சிக்காரன் ஏற்றிய லொறி
நின்ற இடம் அது.
பதினொரு வருடமாய் அங்கேயே நிற்கிறான்,
மீன்கடைச் சந்தொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு.
அந்த லொறிக்குக் காசு கட்டியவன் பெரியண்ணன்.
பன்னிரண்டு இலட்சம்.
இன்னும் ஒருவரும் மறக்கவில்லை.

அங்கே வங்கிகளைப் பூட்டிய வாரம்
இங்கே நாங்கள் வளாகத்தின் வாசலைப் பூட்டினோம்.
ஐந்து மாத உதவிப்பணம் நிலுவை.
விடுதித் தண்ணீரில் எண்ணெய் மணம்.
பரமேஸ்வராச் சந்தி வெயிலில்
மட்டையில் எழுதிய மை இளகி
உள்ளங்கையில் ஒட்டியது.
மொனராகலையிலிருந்து வந்த சமிந்த
தான் பிடித்திருப்பதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டான்.
காசு, என்றேன்.
காசு, என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.
பிறகு எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாய்.

சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தபடியே இருந்தது.
"கடன் வாங்கித் திண்டவை கட்டத்தானே வேணும்?
நாங்கள் உழைச்சு உவைக்குக் குடுக்கிறதோ?"
ஜேர்மன்காரனிலும் ஜேர்மன்காரனாய்ப் பெரியண்ணன்.
"கட்டலாம். முதல் கழுத்திலயிருந்து கையை எடுக்கச் சொல்லு."
கீழே ஒரு படம்:
முகத்தில் ஈரத்துணி கட்டிய கிரேக்கப் பெடியள்
புகைக்குள் ஓடுகிறார்கள்.
"விசாவும் இல்லாமல் அதுக்குள்ள என்ன செய்யிறாய்?"
"பாண் வாங்கப் போனனான்."

அம்மா கேட்டா, ரெண்டு நாடும் சண்டையோ என்று.
இல்லையம்மா, ரெண்டுக்கும் ஒரே காசு.
"அப்ப சண்டைதான்," என்றுவிட்டு
மிளகாயை வெயிலுக்கு இழுத்தா.
பொது நாணயத்தின் நன்மைகள் ஐந்து தருக
என்று போன சோதனையில் வந்தது.
மூன்றோடு நிறுத்தியிருந்தேன்.
அம்மாவை அனுப்பியிருக்கலாம்.

ஆறாம் நாள் இரவு பெரியண்ணன் தனியாக எடுத்தான்.
பின்னால் இயந்திரச் சத்தம்.
"அங்க ஆளுக்கு அறுபது யூரோதானாம் ஒரு நாளைக்கு.
உவனுக்கு அட்டையே இல்லை, அறுபதும் இல்லை.
முதலாளி சம்பளம் குடுக்கேல்லையாம், கேட்டால் சொல்லமாட்டான்.
உனக்குப் போடுறன். உண்டியல்காரனைப் பிடி.
நான் எண்டு சொல்லாதை."
கொஞ்சம் பொறுத்து:
"கணக்கில எழுதி வை."

உண்டியல் குகப்பிரியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"இஞ்சையிருந்து அங்கையோ?
பிள்ளை, திருப்பிச் சொல்லும்."
சொன்னேன்.
"இருவது வருசத்தில இப்பிடி ஒரு ஓடர் வரேல்லை,"
என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
கழிவில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு மாதக் காசு வந்தது.
மிச்சம் மூன்றுக்கு ஒரு கடிதம் வந்தது.
வாசலில் ஒரு கதவை மட்டும் திறந்தோம்.
சமிந்த மற்றக் கதவில் சாய்ந்து நின்று
தேநீர் குடித்தான்.

சீலன் எழுதியிருந்தான்:
"காசு கிடைச்சது. உனக்கேது இவ்வளவு?"
உதவிப்பணம், என்று பதில் போட்டேன்.
நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு,
"அவன்ர இரவு வேலை எத்தினை மணிக்கு முடியும்?"

ஈரத்துணி காய்ந்துவிட்டது.
யூரோவுக்கு எதிரே
நேற்றைய எண் இன்னும் இருக்கிறது.